தங்கச்சி பிள்ளைங்க டெக்சாஸ்ல ஸ்டேட் கஸ்டடில, நாங்க நியூஜெர்சில: ஹோம் ஸ்டடி யாராச்சும் பாத்திருக்கீங்களா?

நெல்லை_எடிசன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. என் கூடப்பொறந்த தங்கச்சி டல்லாஸ் பக்கம் இருக்கா, ரெண்டு பிள்ளைங்க, பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 3. ரெண்டும் இங்கேயே பொறந்ததுங்க. வீட்ல பெரிய சண்டையாகி போலீஸ் வந்து மச்சான அரெஸ்ட் பண்ணிட்டாங்க, தங்கச்சிக்கு கொஞ்ச நாளாவே மனசு சரியில்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரில சேக்க வேண்டியதாயிடுச்சு, இன்னும் வீட்டுக்கு வரல. பிள்ளைங்கள சிபிஎஸ் (குழந்தைங்க பாதுகாப்பு பாக்குற அரசு ஆபிஸ்) கூட்டிட்டுப் போய் ஒரு ஃபாஸ்டர் வீட்ல, அதாவது தற்காலிக வளர்ப்பு வீட்ல வச்சிருக்காங்க. வீடியோ கால்ல பாத்தோம், அந்தம்மா நல்ல மனுஷி, சின்னவன் ரசம் ரசம்னு கேட்டிருக்கான், யூடியூப் பாத்து ஏதோ ஒண்ணு வச்சுக் குடுத்திருக்காங்க, இவன் குடிச்சுட்டு இது சூப்புன்னு சொல்லிட்டானாம்.

முதல் ஹியரிங்ல சொந்தக்காரங்க யாரு இருக்கான்னு கேட்டப்ப தங்கச்சி வக்கீல் மூலமா என் பேரக் குடுத்திருக்கா. கேஸ்வொர்க்கர் எனக்கு போன் பண்ணி நீங்க வேற ஸ்டேட், அதனால ஐசிபிசி (பிள்ளைங்கள ஸ்டேட் விட்டு ஸ்டேட் அனுப்புறதுக்கு ஸ்டேட்டுங்க போட்ட ஒப்பந்தம்) வழியா போகணும், ஹோம் ஸ்டடின்னு உங்க வீட்ட நியூஜெர்சிக்காரங்க வந்து பாத்து ஓகே சொல்லணும், மூணு மாசமும் ஆகலாம் ஆறு மாசமும் ஆகலாம்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. எனக்குத் தலையே சுத்துது. தாய்மாமன் நான், நாளைக்கே ஃப்ளைட் பிடிச்சுப் போய்க் கூட்டிட்டு வந்துருவேன், ஆறு மாசம் அதுங்க எதுக்கு வேத்து வீட்ல இருக்கணும்?

சந்தேகம் நிறைய இருக்கு. எங்களோடது ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட், எனக்கு பத்து வயசுல ஒரு பையன், இப்ப அம்மா அப்பாவும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க, ஹால்ல படுத்துக்கிறாங்க. நான் எச்1பி, கன்சல்டிங், கிளையண்ட் மாற மாற வீடு மாத்தி மிச்சிகன், நார்த் கரோலினா, அப்புறம்தான் இங்க, எல்லாமே கடந்த அஞ்சு வருஷத்துக்குள்ள. பேக்ரவுண்ட் செக்குக்கு இதெல்லாம் பிரச்சனை ஆகுமா? அம்மாவுக்கும் கைரேகை வைக்கணும்னா அது ஒரு கூத்து, முப்பது வருஷம் பீடி சுத்துன கை, ஏர்போர்ட்லயே அந்த மெஷின் திணறிப் போச்சு. அம்மா வேற நார்வேல இந்தியக் குடும்பத்துப் பிள்ளைங்கள அரசு எடுத்துக்கிட்ட கேஸ் நியூஸ் எல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு பிள்ளைங்க இனி கிடைக்காதுன்னு அழுதுக்கிட்டே இருக்காங்க. கடைசியா ஒண்ணு, ஸ்பிரிங் பிரேக்குக்கு விசிட்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து அப்படியே வச்சுக்க முடியுமா?

ஆஸ்டின்_சாமி:

இவ்வளவு கவலைப்படாதீங்க பாஸ். ஐசிபிசி சட்டத்துலயே எட்டாவது ஆர்டிகிள்னு ஒண்ணு இருக்கு, அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா, சித்தப்பா மாமா இவங்க பிள்ளையக் கொண்டு போய் இன்னொரு ஸ்டேட்ல இருக்கிற இதே மாதிரி சொந்தக்காரங்ககிட்ட விட்டா ஐசிபிசியே கிடையாது. தங்கச்சிகிட்ட ஒரு லெட்டர் நோட்டரி பண்ணி வாங்குங்க, வேலை முடிஞ்சுது. என் ஃபிரெண்ட் அவங்க அக்கா பிள்ளைய அப்படித்தான் கூட்டிட்டு வந்து ஸ்கூல்ல சேத்தான், ஒருத்தரும் வந்து வீட்டப் பாக்கல.

ஃப்ரிஸ்கோ_வாசு:

சாமி சொல்றது பாதி சரி, அந்தப் பாதி இந்தக் கேஸுக்குப் பொருந்தாது. நான் வக்கீல் இல்ல, இங்க கோர்ட்ல பிள்ளைங்க சார்பா பேசுற காசா வாலண்டியர், அதனால இந்த ஃபைல்கள நிறைய பாத்திருக்கேன். எட்டாவது ஆர்டிகிள் பிள்ளை அப்பா அம்மா கையில இருக்கிறப்பத்தான். உங்க ஃபிரெண்டோட அக்கா கையில பிள்ளை இருந்துது, அவங்களே விட்டாங்க, சரி. இங்க ஜட்ஜ் ஆர்டர் போட்டு பிள்ளைங்க பொறுப்ப டெக்சாஸ் டிபார்ட்மெண்ட் கையில குடுத்தாச்சு. இப்ப அனுப்புறது தங்கச்சி இல்ல, ஸ்டேட். ஸ்டேட் அனுப்புனா தாய்மாமனா இருந்தாலும் சரி பெத்த பாட்டியா இருந்தாலும் சரி ஐசிபிசி வந்துடும். லெட்டர் வாங்கிட்டுப் போய் நின்னா அந்த ஃபாஸ்டர் அம்மா பிள்ளைய விடவும் மாட்டாங்க, உங்க பேருக்கு எதிர்ல ஒரு குறிப்பு மட்டும் விழும்.

எடிசன் சார், முதல்ல இது ஏன் இப்படின்னு சொல்லிடறேன், அப்பதான் கோவம் வராது. ஐசிபிசில 1960ல நியூயார்க் முதல்ல சேந்தது, இப்ப 50 ஸ்டேட்டும் டிசியும் வர்ஜின் ஐலண்ட்ஸும் இதுல இருக்கு. டெக்சாஸ் கேஸ்வொர்க்கருக்கு நியூஜெர்சில வீடு ஏறி வந்து பாக்க அதிகாரம் கிடையாது, நியூஜெர்சிக்கு அந்தப் பிள்ளைங்க மேல பொறுப்பு கிடையாது. அதனால டெக்சாஸ் 100ஏ ஃபாரம் போட்டுக் கேக்கும், நியூஜெர்சி உங்க வீட்டப் பாத்து அதே ஃபாரத்துல சரி, இல்லன்னு எழுதிக் குடுக்கும். நியூஜெர்சி இல்லன்னு போட்டா டெக்சாஸ் ஜட்ஜே நினைச்சாலும் சட்டப்படி அனுப்ப முடியாது. சரின்னு போட்டா அது ஆறு மாசம் செல்லும், அதுக்குள்ள பிள்ளைங்க வந்து சேந்துடணும்.

இப்ப உங்களுக்கு முக்கியமான விஷயம். மூணு மாசம் ஆறு மாசம்னு சொன்னது சாதாரண ரூட்டு. 2006 சட்டப்படி வீட்டப் பாத்து ரிப்போர்ட் குடுக்க 60 நாள், முடிவு சொல்ல அதுக்கு மேலயும் ஆகலாம். ஆனா ரெகுலேஷன் 7னு ஒரு அவசர ரூட்டு இருக்கு, அதுல பெறுற ஸ்டேட் 20 வேலை நாள்ல முடிவு சொல்லணும். அப்பா அம்மா, மாற்றாந்தாய் தகப்பன், தாத்தா பாட்டி, வயசுக்கு வந்த அண்ணன் அக்கா, மாமா அத்தை, கார்டியன், இவங்ககிட்ட அனுப்புறதுக்கு மட்டும்தான் இது. கூடவே ஒரு காரணமும் வேணும்: பிள்ளைக்கு 4 வயசுக்குள்ள இருக்கணும், இல்லன்னா கூடப்பொறந்ததுல ஒண்ணு 4க்குள்ள இருக்கணும், இல்லன்னா அப்பா அம்மா திடீர்னு ஜெயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் பிள்ளைங்க ஆதரவில்லாம நிக்கணும், இப்படி. உங்க கேஸ்ல ஒண்ணுக்கு மூணு காரணம் இருக்கு. ஆனா இது தானா நடக்காது, ஜட்ஜ் தனியா ஆர்டர் போடணும், யாராவது கேக்கணும். கேஸ்வொர்க்கர் கேப்பாங்கன்னு உக்காந்திருக்காதீங்க. பிள்ளைங்களுக்குன்னு கோர்ட் வச்ச அட்டர்னி ஆட் லைட்டம் யாருன்னு கேட்டு வாங்கி அவங்களுக்கு மெயில் போடுங்க, தங்கச்சி வக்கீலுக்கும் போடுங்க, "ரெகுலேஷன் 7 ஆர்டர் கேளுங்க"ன்னு அந்த வார்த்தையவே எழுதுங்க. கூடவே தற்காலிக அனுமதிக்கும் கேக்கச் சொல்லுங்க, அதுக்கு பெறுற ஸ்டேட் 7 நாள்ல பதில் சொல்லணும், குடுப்பாங்கன்னு உறுதி இல்ல ஆனா கேக்காம விடக்கூடாது.

பேப்பர்ல 20 நாள்னா அது முழு ஃபைலும் ட்ரெண்டன்ல இருக்கிற நியூஜெர்சி ஆபிஸுக்குப் போய்ச் சேந்த அன்னைக்கு இருந்துதான் கணக்கு. டெக்சாஸோட ஆஸ்டின் ஆபிஸ்ல ஒரு பக்கம் குறைஞ்சா ஃபைல் திரும்பி வரும், கணக்கு மறுபடி முதல்ல இருந்து. என் அனுபவத்துல ஹோம் ஸ்டடிய விட இந்த இழுவைதான் நாளத் தின்னும். இப்ப நிறைய ஸ்டேட் நீஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்துல அனுப்புறாங்க, 2027 அக்டோபருக்குள்ள எல்லா ஸ்டேட்டும் அப்படி அனுப்பியாகணும்னு சட்டமே இருக்கு, இருந்தாலும் ஃபைல் போயிடுச்சா, என்னைக்குப் போச்சுன்னு நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

ஸ்பிரிங் பிரேக் விசிட் விஷயம்: தயவுசெஞ்சு வேண்டாம். 30 நாளுக்குள்ள இருந்தா விசிட்தான், ஆனா ஹோம் ஸ்டடி கேட்டு வச்சிருக்கிறப்ப அழைச்சுட்டுப் போனா அது விசிட் இல்ல பிளேஸ்மெண்ட், அதாவது அங்கேயே தங்க வைக்கிறதுன்னுதான் எடுத்துக்குவாங்க. பிள்ளைங்க விதிய மீறி ஏற்கனவே நியூஜெர்சில இருக்குன்னு ஆயிடுச்சுன்னா ரெகுலேஷன் 7 கதவே மூடிடும். பிள்ளைங்களப் பாக்கணும்னா நீங்க டல்லாஸ் போங்க, ஜட்ஜ் பாக்குற மாதிரி போங்க, ஹியரிங்ல பின் பெஞ்சுல உக்காருங்க. அதுக்கு இருக்கிற மதிப்பு எந்த லெட்டருக்கும் கிடையாது.

கோயமுத்தூர்க்காரி:

வாசு அண்ணா கோர்ட் பக்கத்த சொல்லிட்டாரு, நான் வீட்டு பக்கத்த சொல்றேனுங்க. நான் சோஷியல் வொர்க்கர், வேற ஒரு ஸ்டேட்ல ஹோம் ஸ்டடி எழுதுறதுதான் என் வேலை, அதனால ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சின்ன சின்ன மாத்தம் இருக்கும், நியூஜெர்சி ஆளு என்ன சொல்றாங்களோ அதுதான் கடைசி.

நம்ம ஆளுங்க ஹோம் ஸ்டடின்னா பொண்ணு பாக்க வர்ற மாதிரி வீட்ட கழுவி ஊதுபத்தி கொளுத்தி வச்சுட்டு முறுக்கு காபியோட நிப்பாங்க. சோபா புதுசா பழசான்னு யாரும் பாக்கறதில்லீங்க. நான் பாக்கறது இதுதான்: ஸ்மோக் டிடெக்டர் பட்டன அமுக்குனா சத்தம் வருதா, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா, மருந்து மாத்திரை பூட்டி வச்சிருக்கா (தைலம், கஷாயம், அப்பாவோட சுகர் மாத்திரை டப்பா டைனிங் டேபிள்ல இருக்கும் பாருங்க, அதும் மருந்துதான்), பாத்ரூம்ல கிளீனர் 3 வயசு பையன் கைக்கு எட்டுமா, சாமி ரூம்ல விளக்கு ஏத்துனா எங்க ஏத்துறீங்க, பக்கத்துல திரை இருக்கா. பால்கனி கம்பி இடைவெளி. எல்லாம் ஒரு சனிக்கிழமைல, ஒரு ஹார்ட்வேர் கடைல முடிஞ்சுடுமுங்க.

நிஜமான கேள்வி யாரு எங்க படுக்கறாங்கங்கறது. ரெண்டு பெட்ரூம்ல உங்க பையன், 7 வயசு பொண்ணு, 3 வயசு பையன், அம்மா அப்பா ஹால்ல. பல ஸ்டேட்ல ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல ஆண் பொண்ணு ஒரே ரூம்ல கூடாதும்பாங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி கட்டில் வேணும்பாங்க. உங்க பையனையும் சின்னவனையும் ஒரு ரூம்ல பங்க் பெட் போட்டு, பொண்ணுக்கு அந்த இன்னொரு பெட்ரூம குடுத்துட்டு நீங்களும் வீட்டம்மாவும் ஹால்ல படுக்கறதுன்னு முடிவு பண்ணுனா அத முன்னாடியே ஒரு காகிதத்துல வரைஞ்சு வெச்சுக்கங்க, நான் போற வீட்ல யாராச்சும் அப்படி யோசிச்சு வெச்சிருந்தா எனக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அபார்ட்மெண்ட் லீஸ்ல எத்தனை பேர் இருக்கலாம்னு போட்டிருக்கான்னும் பாருங்க. சொந்தக்காரங்களுக்கு ஃபாஸ்டர் லைசென்ஸ் விதிகள தளர்த்திக்கலாம்னு 2023ல ஃபெடரல் ரூல் வந்துச்சு, உங்க ஸ்டேட் அத எந்த அளவுக்கு எடுத்திருக்குன்னு வர்றவங்ககிட்டயே கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க.

அம்மா அப்பா விஷயத்துல மறைக்காதீங்க. விசிட்டர் விசாதான், ஆறு மாசத்துல போயிடுவாங்கன்னு லிஸ்ட்ல விடறவங்க இருக்காங்க, நான் வீட்டுக்கு போனா ஹால் ஓரத்துல ரெண்டு பெரிய சூட்கேசும் வேட்டி காயப்போட்ட கொடியும் இருக்கும். அந்த நிமிஷத்துல இருந்து நீங்க சொல்ற எல்லாத்தையும் நான் ரெண்டு தடவை சரிபார்ப்பேன். பேரு, பொறந்த தேதி, திரும்புற டிக்கெட் தேதி எல்லாம் முன்னாடியே குடுத்துடுங்க, செக் வேணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும். வீட்ல இருக்கிற 18க்கு மேல எல்லாருக்கும் கேப்பாங்கன்னே வெச்சுக்கங்க.

அடுத்தது பேட்டி. இங்கதான் நம்ம குடும்பங்க சறுக்கறாங்க. உங்க கல்யாணத்துல சண்டை வருமான்னு கேட்டா "சேச்சே அதெல்லாம் இல்லீங்க". குடிப்பீங்களான்னா "நெவர்". சின்ன வயசுல அடி வாங்கியிருக்கீங்களான்னு கேட்டா வெக்கப்பட்டு சிரிச்சுட்டு "எங்க வாத்தியார் முட்டி போட வெப்பாரு"ன்னு ஒரு ஜோக். எனக்கு பொய் எழுத வேண்டாம், பெர்ஃபெக்ட் குடும்பமும் வேண்டாம், சண்டை வந்தா என்ன பண்றீங்கங்கறதுதான் வேணும். பிள்ளைங்கள அடிக்கறதில்லன்னு எழுதி கையெழுத்து கேப்பாங்க, அந்த இடத்துல "ஒரு தட்டு தட்டினா தப்பா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அது வேடிக்கையா இருந்தாலும் ரிப்போர்ட்ல அப்படியே போகும்.

அதவிட பெரிய கேள்வி உங்க மச்சான பத்தி. "அவர் வெளிய வந்து உங்க வீட்டு கதவ தட்டுனா என்ன பண்ணுவீங்க?" கண்டிப்பா கேப்பாங்க. "அவரும் குடும்பம்தானே, உக்கார வெச்சு பேசுவோம்"னு சொன்னீங்கன்னா உங்க வீடு எத்தனை பெருசா இருந்தாலும், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் ரிப்போர்ட் கீழ போயிடும். கோர்ட் என்ன சொல்லியிருக்கோ அதுக்கு மேல பிள்ளைங்க பக்கத்துல விடமாட்டேன், போன்ல பேசறதுன்னாலும் கேஸ்வொர்க்கர் கேட்டுத்தான், அவங்க அப்பா அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணி கெஞ்சுனாலும் இதுதான்னு சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி நிஜமா அப்படி இருக்க முடியுமான்னு வீட்ல உக்காந்து பேசிக்கங்க, உங்க அம்மா அப்பாகிட்டயும் பேசுங்க, ஏன்னா "எம் பொண்ணு வாழ்க்கைய சேத்து வெக்கணும்"னு அவங்க மனசுல இருந்தா அது பேட்டில வெளிய வந்துடும். தங்கச்சி மேலயும் அதே மாதிரிதான், அவ உங்க கூடப்பொறந்தவளா இருந்தாலும் டாக்டர், கோர்ட் ரெண்டும் சொன்னாத்தான் தனியா பிள்ளைங்க கூட விடறது.

எச்1பி பத்தி பயப்படாதீங்க, சொந்தக்காரங்க சிட்டிசனா இருக்கணும்னு ஃபெடரல் சட்டத்துல ஒண்ணுமில்ல. விசா பேப்பர், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), பே ஸ்டப், வேலை போனா என்ன திட்டம்ங்கறது எல்லாம் கேப்பாங்க, கடைசி கேள்விக்கு பதில் யோசிச்சு வெச்சுக்கங்க.

ரெண்டுபிள்ளைஅம்மா:

எங்களோடது வேற கதை, தத்தெடுப்பு, பாப்பா ஒரு ஸ்டேட்ல பொறந்தா நாங்க வேற ஸ்டேட், ரெண்டு ஸ்டேட்டும் ஓகே சொல்ற வரைக்கும் பாப்பாவ வச்சுக்கிட்டு அந்த ஊர் ஹோட்டல்லயே கிடந்தோம், எல்லை தாண்டக் கூடாது, மைக்ரோவேவ்ல ரவா உப்புமா கிண்டி சாப்பிட்ட கதை தனியா சொல்லலாம். ஆனா பேக்ரவுண்ட் செக் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் அதனால அத மட்டும் சொல்றேன்.

இதுல ரெண்டு விதம் இருக்கு, பலர் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. கைரேகை எஃப்பிஐக்குப் போறது கிரிமினல் ரெக்கார்டு பாக்க, அது நாடு முழுக்கப் பாத்துடும். இன்னொண்ணு குழந்தை துன்புறுத்தல் பதிவேடு, இது ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா வச்சிருக்கு, எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல தட்டிப் பாக்கிற மாதிரி ஒண்ணு கிடையாது. 2006ல வந்த ஆடம் வால்ஷ் சட்டப்படி கடைசி அஞ்சு வருஷத்துல நீங்க இருந்த ஒவ்வொரு ஸ்டேட் பதிவேட்டுலயும் பாக்கணும், வீட்ல இருக்கிற மத்த பெரியவங்களுக்கும் சேத்து. உங்களுக்கு மிச்சிகன், நார்த் கரோலினா, நியூஜெர்சி மூணும், உங்க வீட்டம்மாவுக்கும் அதே மூணு. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு ஃபாரம், சிலதுக்கு நோட்டரி, சிலதுக்கு ஐடி காப்பி, சில இடத்துல பழைய அட்ரஸ் எல்லாம் தேதியோட கேப்பாங்க. கன்சல்டிங் ஆளுங்களுக்கு இதுதான் தலைவலி, கார்ப்பரேட் கெஸ்ட் ஹவுஸ்ல இருந்ததுக்கு அட்ரஸ் எங்க போய்த் தேடறது. பழைய லீஸ், டபிள்யூ-2 (வருஷ சம்பள ஃபாரம்), அமேசான் ஆர்டர் ஹிஸ்டரி இதெல்லாம் பாத்து மாசம் வாரியா ஒரு லிஸ்ட் இன்னைக்கே போடுங்க. எங்க வீட்டுக்காரர் லிஸ்ட்ல நடுவுல ஒரு கோடை காலமே காணோம், அமேசான்ல பிரஷர் குக்கர் கேஸ்கட் வாங்கின அட்ரஸ வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

அம்மா கைரேகைக்கு: முதல் நாள் ராத்திரியும் காலைலயும் கைக்கு லோஷன் நல்லா தேய்ங்க, போறதுக்கு முன்னாடி துடைச்சுடுங்க. அன்னைக்கு அந்த ஆள்கிட்ட மெதுவா, விரல் நுனிய அமுக்காம லேசா உருட்டச் சொல்லுங்க. ரேகை தெளிவில்லன்னு எஃப்பிஐ ரெண்டு தடவை திருப்பிட்டாங்கன்னா பேர வச்சு செக் பண்ணச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு வழி இருக்கு, ஆனா ஏஜென்சிதான் கேக்கணும், தானா நடக்காது. முதல் தடவை திரும்பி வந்த உடனேயே ரெண்டாவதுக்குத் தேதி வாங்கிடுங்க.

அப்புறம் எந்த கேஸ் இருந்தா ஒரேயடியா வாய்ப்பு போகும்னு பயப்படறவங்களுக்கு, சட்டத்துல பேர் சொல்லி இருக்கிறது கொலை, பாலியல் வன்முறை, குழந்தைங்களுக்கோ மனைவி கணவனுக்கோ எதிரான பெரிய குற்றம் இந்த மாதிரி ஃபெலனிங்க, இதுக்கு எப்பவும் கிடையாது. அடிதடி, போதைப்பொருள் ஃபெலனின்னா கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தா. ஸ்பீடிங் டிக்கெட்டுக்கெல்லாம் யாரும் கவலைப்படத் தேவையில்ல, ஆனா கேட்டா ஒளிக்காம சொல்லிடுங்க.

நெல்லை_எடிசன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இத்தனை விஷயம் ஒரு போன்லயும் கிடைக்கல. பிள்ளைங்க வக்கீல் மெயில் ஐடி வாங்கிட்டேன், ரெகுலேஷன் 7 பத்தி எழுதிட்டேன், பதில் வந்துச்சு, அடுத்த ஹியரிங்ல கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. கேஸ்வொர்க்கரும் திருப்பிக் கூப்பிட்டு வீட்ல எத்தனை ரூம், எத்தனை பேர், பணம் காசு எப்படி, எந்த கேஸாவது இருக்கா எல்லாம் கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க.

மச்சான் விஷயத்த அம்மாகிட்ட பேசினோம். நேத்து ராத்திரி பெரிய ரகளை. "கட்டுன புருஷன வாசல்ல நிப்பாட்டுவியா"ன்னு அம்மா கேட்டாங்க, அப்பாதான் "இவ்வளவு நாள் நிப்பாட்டாம விட்டதாலதான பிள்ளைங்க ரெண்டும் இப்ப எங்கேயோ கிடக்கு"ன்னு ஒரே வார்த்தை சொன்னாரு. அம்மா அப்புறம் பேசல, காலைல எழுந்து பேச்சை மாத்தி சின்னவனுக்கு இன்னும் மொட்டை போடல, காது குத்தல, இங்க வந்ததும் பென்சில்வேனியாவுல இருக்கிற பெருமாள் கோயில்ல வச்சு மாமன் மடில உக்கார வச்சு முடிச்சுடலாம்னு தேதி பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அது சரிதானா? அப்புறம் இந்தியாவுக்கே தாத்தா பாட்டி கூட அனுப்பிடலாமேன்னு ஒரு சித்தப்பா சொல்றாரு. செலவு, இன்சூரன்ஸ் யாரு பாக்கறது?

கோயமுத்தூர்க்காரி:

உங்க அப்பாவ பேட்டில கட்டாயம் உக்கார வைங்க.

மொட்டை, காது குத்து இப்போதைக்கு வேண்டாமுங்க. பிள்ளைங்க உங்க வீட்டுக்கு வந்தாலும் கேஸு டெக்சாஸ் ஜட்ஜுகிட்டதான் இருக்கும், அப்பா அம்மா உரிமை இன்னும் போகல. ஸ்கூல் டூர், நண்பன் வீட்டு பர்த்டே, நீச்சல் கிளாஸ் இந்த மாதிரி தினப்படி விஷயத்துக்கு நீங்களே முடிவு எடுக்கலாம். முடி எடுக்கறது, காது குத்தறது உடம்ப மாத்தற சமாச்சாரம், மதமும் சேந்திருக்கு, கேஸ்வொர்க்கர்கிட்ட எழுதிக் கேளுங்க, தங்கச்சி நல்லாகி அவளே சரின்னு சொன்னா சுலபமா குடுத்துடுவாங்க. நீங்களா செஞ்சுட்டு போட்டோ வாட்சப் குரூப்ல போட்டு அது மச்சான் வக்கீல் கைக்கு போச்சுன்னா பதில் சொல்லி மாளாது. கோயிலுக்கு கூட்டிட்டு போறதுக்கு ஒரு தடையும் இல்ல. நாட்ட விட்டு போறதுன்னா அனுமதி இல்லாம முடியாது.

ஊருக்கு அனுப்பறது ஐசிபிசில வராதுங்க, அது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மட்டும்தான். வெளிநாட்டு வீட்ட பாக்கணும்னா இன்டர்நேஷனல் சோஷியல் சர்வீஸ்னு ஒரு அமைப்பு மூலமா அந்த நாட்டு சோஷியல் வொர்க்கர வெச்சு ஹோம் ஸ்டடி பண்ணுவாங்க, அது இன்னும் இழுக்கும். தங்கச்சி தேறி வர வாய்ப்பு இருக்கறப்ப கோர்ட்டும் பிள்ளைங்கள அவ்வளவு தூரம் அனுப்ப யோசிக்கும், அவளுக்கு விசிட் குடுக்கணும்ல.

பணம் விஷயம் கொஞ்சம் சிக்கல். பிள்ளைங்களோட பணப் பொறுப்பு அனுப்பற ஸ்டேட்டுக்குத்தான். ஆனா ரெகுலேஷன் 7ல லைசென்ஸ் இல்லாத சொந்தக்காரரா வேகமா வாங்கினீங்கன்னா ஃபாஸ்டர் பேரண்டுக்கு குடுக்கற மாசப்பணம் தானா வராது, அது வேணும்னா லைசென்ஸ் தனியா போகணும், அது மெதுவான வழி. முதல்ல பிள்ளைங்க வரட்டும், லைசென்ஸுக்கு பின்னாடி போட்டுக்கலாம்னுதான் நான் சொல்லுவேன், பல சொந்தக்காரங்க பணத்த பாத்து மெதுவான வழில போய் மாசக்கணக்கா காத்துக் கிடக்கறாங்க. மெடிக்கெய்டுக்கு (அரசு மருத்துவக் காப்பீடு) 100ஏ ஃபாரத்துலயே நாலு-ஈ (ஃபாஸ்டர் பிள்ளைங்களுக்கான ஃபெடரல் நிதி) தகுதி இருக்கா இல்லையான்னு ஒரு இடம் இருக்கும், இருக்குன்னா நியூஜெர்சி மெடிக்கெய்டே கிடைக்கும், இல்லன்னா என்ன ஏற்பாடுன்னு பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. பிள்ளைக்கு மட்டும்னு டான்ஃப் (வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசு தர்ற பணம்) உதவியும் சொந்தக்காரங்க கேக்கலாம், உங்க சம்பளத்த பாக்க மாட்டாங்க. மனநல கவுன்சிலிங் யாரு தர்றாங்கன்னும் கேட்டு வைங்க, அந்த சண்டைய பாத்த 7 வயசு பொண்ணுக்கு அது வேணும்.

வந்த அப்புறம் நியூஜெர்சி வொர்க்கர் மாசம் ஒரு தடவை வந்து பிள்ளைங்கள பாப்பாங்க, டெக்சாஸுக்கு ரிப்போர்ட் போகும். கேஸ மூட ரெண்டு ஸ்டேட்டும் ஒத்துக்கணும், நீங்களா டெக்சாஸ் கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சு வொர்க்கர வர வேண்டாம்னு சொல்லக் கூடாது.

ஃப்ரிஸ்கோ_வாசு:

ஹியரிங் தேதி வந்ததும் சொல்லுங்க சார். டெக்சாஸ்ல இந்த மாதிரி கேஸ் சுமார் ஒரு வருஷத்துக்குள்ள முடிவுக்கு வரணும்னு கெடு இருக்கு, அந்தக் கெடு ஓடிக்கிட்டே இருக்கு, ஹோம் ஸ்டடிக்காக அது நிக்காது. அதனால ரெகுலேஷன் 7 ஆர்டர் கிடைச்சாலும் சாதாரண ரூட்டுக்கான ஃபாரத்தையும் தயாரா வச்சிருக்கச் சொல்லுங்க, அவசர ரூட்டு எங்கயாவது முட்டி நின்னா அங்க இருந்து புதுசா ஆரம்பிக்க வேண்டாம். ஹியரிங்ல வக்கீல் "வெளி ஸ்டேட் சொந்தக்காரர் தயார், பெட் வாங்கியாச்சு, பெரியவங்க எல்லாருக்கும் கைரேகை முடிஞ்சுது"ன்னு சொல்ற நிலைமைல இருங்க. சில ஸ்டேட்ல கோர்ட் ஆர்டர் இல்லாமலே கைரேகை முன்கூட்டி வைக்க விடுவாங்க, சில இடத்துல ஏஜென்சி கோட் நம்பர் வேணும், நியூஜெர்சி வொர்க்கர் பேர் கிடைச்ச அன்னைக்கே அதக் கேளுங்க.

நெல்லை_எடிசன்:

பங்க் பெட் ஆர்டர் போட்டாச்சு. மிச்சிகன் ஃபாரம் நோட்டரி பண்ண சாயங்காலம் பேங்க் போறோம், நார்த் கரோலினால இருந்த அபார்ட்மெண்ட் பேரு மட்டும் எனக்கும் ஞாபகம் இல்ல வீட்டம்மாவுக்கும் இல்ல, அமேசான்ல தேடிக்கிட்டிருக்கேன்.